மின்சுற்றுப் பலகையும் அளந்த உஷ்ணமும்

டில்லி மாநகரில் வெள்ளீயம் என்னும் உலோகம் இரண்டு இடங்களில் தனி மதிப்புப் பெற்றிருக்கிறது. ஒன்று, பூசா பகுதியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம். உருகிய தூய வெள்ளீயம் உறையும்போது, அது முழுவதும் உறைந்து முடியும் வரை அதன் உஷ்ணநிலை 231.928 டிகிரி சென்டிகிரேடில் அசையாது நிற்கும். 1990-ஆம் ஆண்டின் சர்வதேச உஷ்ணநிலை அளவுத்திட்டம் இந்த எண்ணைத் தன் நிலையான புள்ளிகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. அத்திட்டத்தை நம் நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, அளவை நியமங்களைக் காத்து வருவது இந்த ஆராய்ச்சிக்கூடமேயாகும்.

மற்றொன்று, நகரின் தென்பகுதியிலுள்ள நேரு பிளேஸ் வணிக வளாகம். டில்லி வளர்ச்சி ஆணையம் அமைத்த இவ்வளாகத்தின் மாடிகளிலும் நடைவழிகளிலும் கணிப்பொறிகளையும் கைப்பேசிகளையும் பழுது பார்க்கும் சிறு கடைகள் பல இருக்கின்றன. அங்கே வெள்ளீயம் சால்டர் என்று வழங்கும் பற்றாசின் முக்கிய அங்கமாகி, நுண்ணிய மின் உறுப்புகளைப் பலகையோடு பிணைக்கிறது. முதல் இடத்தில் உஷ்ணநிலையை அளப்பதற்கு வெள்ளீயம் பயன்படுகிறது. இரண்டாவது இடத்தில் வெள்ளீயத்தை உருக்குவதற்கு உஷ்ணநிலையை அளக்க வேண்டியிருக்கிறது. இந்த அளவில் ஏற்படும் சிறு பிழையே ஒரு பலகை பிழைப்பதையும் பாழாவதையும் தீர்மானிக்கிறது.

பலகை பழுதாவது ஏன்?

அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்பது கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த தகட்டின்மீது செப்புக் கோடுகள் பதிக்கப்பட்ட அமைப்பாகும். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர் 1943-ஆம் ஆண்டில் லண்டனில் இதற்குக் காப்புரிமை கோரினார். முதற்காலத்தில் உறுப்புகளின் கால்கள் பலகையின் துளைகளில் நுழைந்து மறுபுறம் பற்றவைக்கப்பட்டன. இன்றைய கணிப்பொறிப் பலகையில் முக்கியமான சில்லுகளுக்குக் கால்களே இல்லை. சில்லின் அடியில் நூற்றுக்கணக்கான பற்றாசுக் குண்டுமணிகள் வரிசை வரிசையாக அமைந்து அதைப் பலகையோடு இணைக்கின்றன. தொழிலாளர் இதனை பி.ஜி.ஏ. என்பர். ஒரு குண்டுமணியின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே.

இயந்திரம் இயங்கும்போது பலகை சூடேறி விரிகிறது. நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்குகிறது. சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும். பலகையோ ஏறத்தாழ 15 பங்கு விரியும். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட இணைப்புகள் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் இழுபடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு இழுபட்ட இணைப்பில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் விழுந்து, மின்னோட்டம் தடைப்படுகிறது. சில்லும் நல்லது, பலகையும் நல்லது. ஆயினும் கணிப்பொறி உயிரற்றுக் கிடக்கிறது. அச்சில்லைப் பெயர்த்தெடுத்து மீண்டும் பதிப்பதற்குரிய சாதனத் தொகுதியே ரீவொர்க் ஸ்டேஷன் எனப்படும் மறுபற்றவைப்பு மேடையாகும்.

முகப்பில் தெரியும் எண்

இம்மேடையின் முதன்மைக் கருவி வெப்பக்காற்றுக் கைப்பிடியாகும். அதனுள் இருக்கும் கம்பிச்சுருள் மின்சாரத்தால் சூடேற, அதன் வழியே செலுத்தப்படும் காற்று குழல்முனை வழியாகச் சில்லின்மீது பாய்கிறது. கருவியின் முகப்பில் 350 என்ற எண் ஒளிர்வதைக் கண்டதும், புதிதாகத் தொழில் பழகுவோர் சில்லுக்கு அடியிலும் 350 டிகிரி இருப்பதாக எண்ணுகின்றனர். இது பெரும் தவறாகும். அந்த எண் கைப்பிடிக்குள் உணர்கருவி இருக்கும் ஓர் இடத்தின் உஷ்ணநிலையையே காட்டுகிறது. குழல்முனையின் அகலம், காற்றின் வேகம், பலகைக்கும் முனைக்கும் உள்ள தூரம், பலகையிலுள்ள செப்பின் கனம் ஆகிய அனைத்தையும் பொறுத்தே இணைப்பின் உஷ்ணநிலை அமையும்.

மின்சாரத்தால் சூடேறும் ஒரே கம்பியில்கூட எல்லா இடங்களிலும் உஷ்ணநிலை ஒன்றாக இருப்பதில்லை. தமிழகத்து வத்திராயிருப்பில் பிறந்தவரும், தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநருமாகிய சர் கே. எஸ். கிருஷ்ணன் 1950-களில் ஆராய்ந்தவற்றுள் இத்தகைய கம்பிகளில் உஷ்ணநிலை பரவியிருக்கும் முறையும் ஒன்றாகும். கம்பியின் நடுப்பகுதிக்கும், பிடிப்புகளால் வெப்பத்தை இழக்கும் அதன் முனைகளுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு கம்பிக்கே இந்நிலை எனின், கம்பியிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து சில்லுக்கும், சில்லிலிருந்து பற்றாசுக்கும் வெப்பம் செல்லும் வழியில் எத்துணை வேறுபாடு நேரும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ஆகவே வெப்ப மின்னிரட்டை, அதாவது பட்டறைகளில் தெர்மோகப்பிள் எனப்படும் மெல்லிய உணர்கம்பி, மேடைக்கு இன்றியமையாதது. அதன் முனையைச் சில்லின் ஓரத்தை ஒட்டிப் பலகையின்மீது உஷ்ணம் தாங்கும் ஒட்டு நாடாவினால் பதிக்க வேண்டும். வேலை செய்பவர் நம்ப வேண்டியது இந்த உணர்கம்பி காட்டும் எண்ணையே.

மேடையை அமைத்தல்

பலகையின் அடிப்புறத்தைச் சூடேற்றும் முன்சூடாக்கி இரண்டாவது முக்கியக் கருவியாகும். மேலிருந்து மட்டும் வெப்பம் செலுத்தினால் ஒரு பகுதி மிகுதியாக விரிந்து பலகை வளைந்துவிடும். அடிப்புறம் முழுவதும் சீராகச் சூடேறியிருந்தால் மேற்புறத்தில் சிறிதளவு வெப்பமே போதும். இவற்றோடு பலகையைத் தாங்கும் சட்டம், உருப்பெருக்கி, செப்பு இழைத் திரி, குண்டுமணிகளைப் பரப்புவதற்குரிய துளைத்தகடு, ஃப்ளக்ஸ் எனப்படும் இளக்கி, தூய்மை செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகியவையும் வேண்டும்.

நிலைமின்சாரத்துக்கு எதிரான காப்பு அடுத்ததாகும். மனித உடலில் சுமார் 3,000 வோல்ட் ஏறிய பின்னரே பொறி பாய்வதை விரல் உணரும். 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே கெட்டுவிடும் சில்லுகள் உண்டு. எனவே மேசைவிரிப்பும் மணிக்கட்டுப் பட்டையும் நில இணைப்போடு சேர்க்கப்பட வேண்டும். பட்டையின் கம்பியில் 10 லட்சம் ஓம் மின்தடை இருப்பது, தவறி மின்கம்பியைத் தொட நேர்ந்தால் அணிந்தவரின் உயிரைக் காப்பதற்காகும். பழைய கட்டடங்களில் சுவர்ச் செருகியின் மூன்றாவது துளை பெயரளவில் மட்டும் இருப்பதுண்டு. அது உண்மையில் நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தறிந்த பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

டில்லியின் பருவங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜனவரி மாதக் காலையில் 10 டிகிரிக்கும் கீழே இருக்கும் உஷ்ணநிலை, ஜூன் மாதப் பகலில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. குளிர்காலத்தில் பழகிய அமைப்பையே கோடையிலும் வைத்தால், பலகை எதிர்பார்த்ததைவிட விரைவில் சூடேறிவிடும். கோடையில் கடைகளில் ஓடும் தண்ணீர்க் கூலர் இருவகையில் தொல்லை தரும்: அதன் காற்று பலகையின் ஒரு பக்கத்தை மட்டும் குளிர்விக்கும், அதன் ஈரம் சில்லுகளுள் ஊறும். மழைக்காலத்திலும் இவ்வாறே. ஈரம் ஊறிய சில்லைத் திடீரெனச் சூடேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சோளம் பொரிவதுபோல் அதை வெடிக்கச் செய்யும். ஆதலின் தனிச் சில்லை 125 டிகிரியில் நெடுநேரம் உலர்த்துவது வழக்கம். முழுப் பலகையில் பிளாஸ்டிக் உறுப்புகள் இருப்பதால், அதைவிடக் குறைந்த உஷ்ணநிலையில் இன்னும் அதிக நேரம் உலர்த்த வேண்டும்.

இயக்கும் முறை

பலகையில் இருப்பது எவ்வகைப் பற்றாசு என்பதை முதலில் அறிதல் வேண்டும். வெள்ளீயம் 63 பங்கும் ஈயம் 37 பங்கும் கலந்த பழைய வகை 183 டிகிரியில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்கு வரம்பு விதித்தது. இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளும் அவ்வாறே வரம்பு விதித்தன. ஈயமற்ற புதிய வகையில் வெள்ளீயத்தோடு 3 சதவிகிதம் வெள்ளியும் அரைச் சதவிகிதம் செம்பும் கலந்திருக்கும். அது 217 டிகிரியில் உருகத் தொடங்குகிறது. இந்த 34 டிகிரி வேறுபாட்டை மறந்து, உருகாத பற்றாசோடு சில்லைப் பெயர்த்தால் பலகையின் செப்புத் திட்டுகளும் உடன் பெயர்ந்துவிடும். அதன்பின் அப்பலகையை மீட்பது அரிது.

ஈயமற்ற பலகைக்கு உரிய முறை பின்வருமாறு. முதலில் விநாடிக்கு 1 அல்லது 2 டிகிரி வீதம் உயர்த்தி 150 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து 180 டிகிரி வரை ஓரிரு நிமிடங்கள் மெதுவாகச் செல்ல வேண்டும். இவ்வேளையில் இளக்கி உலோகப் பரப்பிலுள்ள ஆக்சைடைக் கரைக்கிறது. பலகை முழுவதும் ஒரே நிலைக்கு வருகிறது. பின்னர் மேற்காற்றைச் செலுத்தி 235 முதல் 245 டிகிரி வரை உயர்த்தலாம். 217 டிகிரிக்கு மேல் 60 முதல் 90 விநாடிகளே போதும். பற்றாசு உருகியதும் சில்லின் ஓரத்தைக் குறடால் மயிரிழையளவு அசைத்தால், அது மிதந்து மீண்டும் தன் இடத்துக்கே வரும். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையே இதற்குக் காரணம். அந்நிலையில்தான் சில்லை எடுக்கலாம்.

எடுத்தபின் பழைய பற்றாசைச் செப்புத் திரியால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, துளைத்தகட்டின் உதவியால் புதிய குண்டுமணிகளைப் பதித்து, சில்லை அதன் இடத்தில் வைத்து, மேற்கூறிய வெப்பப் படிகளை மீண்டும் கடைப்பிடிக்க வேண்டும். முடிவில் தானாகவே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஊதிக் குளிர்விப்பது புதிய இணைப்பிலேயே விரிசலை உண்டாக்கும்.

பழுது எப்பொழுதும் குண்டுமணியிலேயே இருக்கும் என்பதில்லை. சில்லின் உள் இணைப்பே கெட்டிருந்தால், வெப்பக்காற்று காட்டியதும் அது சில நாட்களோ சில வாரங்களோ இயங்கி மீண்டும் நின்றுவிடும். அத்தகைய சில்லை மாற்ற வேண்டுமேயன்றி, மறுபடி சூடேற்றிக் கொடுத்து முழுக் கூலி பெறுவது முறையன்று.

உடல்நலமும் ஊர் நலமும்

பற்றவைக்கும்போது எழும் புகை ஈயப்புகை என்று பலரும் நினைக்கின்றனர். இந்த உஷ்ணநிலையில் ஈயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. புகையாவது இளக்கியிலுள்ள ரோசின் பிசினேயாகும். அது நாளடைவில் ஆஸ்துமா நோயை உண்டாக்கவல்லது. எனவே புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி அவசியம். ஈயம் உடலுக்குள் செல்வது பெரும்பாலும் விரல்களின் வழியே. பற்றாசைத் தொட்ட கையால் சமோசா உண்பதும், அதே மேசையில் தேநீர்க் குவளையை வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

பிழைக்காத பலகை எங்கே போகிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. யமுனைக்குக் கிழக்கே சீலம்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பழைய மின்னணுப் பொருள்களைப் பிரிக்கும் முறைசாராத் தொழில் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. செம்புக்காகக் கம்பிகளை எரிப்பதும், தங்கத்துக்காகப் பலகைகளை அமிலத்தில் இடுவதும் அங்கு உழைப்போரின் நுரையீரலையும் நிலத்தையும் நீரையும் ஒருங்கே கெடுப்பவை. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கென 2022-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட விதிகள், பழைய சாதனங்களைப் புதுப்பிப்போரையும் பதிவு செய்துகொள்ளுமாறு பணிக்கின்றன. நுகர்வோரின் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனி இணையதளமும் அவ்வாண்டின் இறுதியில் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. ஆனால் சட்டம் தரும் வாய்ப்பைப் பயனாக்குவது மேசைமுன் அமர்ந்திருப்பவரின் திறமையே. அவர் காக்கும் ஒவ்வொரு பலகையும் அமிலத் தொட்டிக்குச் செல்லாத பலகையாகும்.

அத்திறமையின் அடிப்படை சரியான அளவாகும். அதைச் சோதிக்க எளிய வழியும் உண்டு. தூய வெள்ளீயத் துண்டு ஒன்றைச் சிறு எஃகுக் கிண்ணத்தில் உருக்கி, உறையிட்ட தெர்மோகப்பிளின் முனையை அதில் அமிழ்த்தி, வெப்பத்தை நிறுத்திவிட வேண்டும். எண் இறங்கிக்கொண்டே வந்து, சற்றுத் தாழ்ந்து, பின் ஏறி ஓரிடத்தில் சிறிது நேரம் நிலைத்து நிற்கும். அந்த எண் 232-ஐ ஒட்டியிருந்தால் கருவியை நம்பலாம். 240 எனக் காட்டினால் ஏறத்தாழ 8 டிகிரியைக் கழித்துக் கொள்ள வேண்டும். பூசாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் மிக நுட்பமான ஏற்பாடுகளுடன் நிகழ்த்தப்படும் அதே இயற்கை நிகழ்ச்சிதான் இது. நேரு பிளேஸின் சிறு கடையிலும், ஒரு கிண்ணத்தளவு உலோகத்தைக் கொண்டு, எவரும் இதைக் கண்டறியலாம்.