குளிர்காலத்தில் பிறந்த பிள்ளை: குளிப்பாட்ட அவசரம் வேண்டாம்

கார்த்திகையில் தொடங்கித் தை முடியும் வரை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விடியற்காலைக் குளிர் கடுமையாகவே இருக்கும். மலையிலிருந்து இறங்கும் காற்று, ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வரும் பெரியவர்களையே மப்ளர் சுற்ற வைத்துவிடுகிறது. இந்த மாதங்களில் பிறக்கும் குழந்தைகளின் காதில் பாங்கு சொல்ல நம்மை அழைக்கிறார்கள். போனால், "இன்னும் குளிப்பாட்டல ஹஜ்ரத், கொஞ்சம் பொறுங்க" என்கிறார்கள். சிலர் நாம் வருவதற்காகவே, பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத பிள்ளையைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பாங்கு சொல்வதற்குக் குழந்தையைக் குளிப்பாட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை அல்ல. பிறந்த குழந்தையைக் கழுவுவது கடமை இல்லை என்பதே ஃபிக்ஹ் அறிஞர்களின் கருத்து. குளிப்பாட்டிவிட்டுப் பாங்கு சொல்வது நல்லது என்று சில கிதாபுகளில் இருக்கிறது, உண்மைதான். அது நல்ல வழக்கம் என்ற அளவில் சொல்லப்பட்டது. பிள்ளைக்குத் தீங்கு வரும் என்றால் அதைத் தள்ளி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. ரத்தம் பட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தாராளமாகப் பாங்கு சொல்லலாம்.

மருத்துவமும் இதையே சொல்கிறது. பிறந்து 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை. வழக்கம் காரணமாக அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதவர்கள் 6 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பிறக்கும்போது குழந்தையின் மேல் மாவு பூசியது போல ஒரு வெள்ளைப் படிவம் இருக்கும். அழுக்கு என்று எண்ணி அதைத் தேய்த்து எடுக்கிறோம். அது தோலின் ஈரத்தைக் காக்கவும் கிருமியைத் தடுக்கவும் அல்லாஹ் கொடுத்த போர்வை, அப்படியே விட்டால் தோலோடு கலந்துவிடும்.

ஈரம் காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நமக்குக் குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறோம், பச்சிளம் பிள்ளைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. எடை குறைவு, அந்த எடைக்குத் தோலின் பரப்போ அதிகம். அதனால் மிகச் சீக்கிரம் சில்லிட்டுப் போகிறது.

முதல் குளியலுக்குப் பிறகும் குளிர்காலத்தில் தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றைத் துடைத்தால் சரி. தாயின் உடுப்பில் பிள்ளை சிறுநீர் கழித்துவிட்டால், தொழுகைக்காகத் தாய் உடுப்பைச் சுத்தம் செய்யட்டும். அதற்காகப் பிள்ளையை முழுக்காட்டுவானேன்?

குளிப்பாட்டும் நாளில் வெயில் ஏறிய பிறகு, கதவு ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். துண்டு, உடுப்பு, குல்லா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகு வெந்நீரைச் சேர்க்க வேண்டும். 37, 38 டிகிரி சூடு போதும், முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சூட்டைக் கூட்டினால் தோலின் எண்ணெய்ப்பசை போய் வறட்சிதான் மிஞ்சும். ஐந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

நம் நன்னிமார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பக்குவம் அருமையானது. பிள்ளை நழுவாது, பயப்படாது. ஆனால் மூக்கை ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, பாசிப்பயறு மாவைப் போட்டு அழுத்தித் தேய்ப்பது, முடிந்ததும் சாம்பிராணிப் புகை காட்டிப் பவுடர் கொட்டுவது இவையெல்லாம் வேண்டாம். புகையும் பவுடரும் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். கடையில் விற்கும் சுர்மாவில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது, அதைக் குழந்தையின் கண்ணில் இட வேண்டாம்.

துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணியைப் போல மெல்லிய பருத்தித் துணி இதற்கு ஏற்றது. துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியும் போதும். தொப்புள்கொடி விழும்வரை அந்த இடம் உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெயோ சாம்பலோ வைக்கக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஜைத்தூன் எண்ணெய் பரக்கத்தானது, உண்ணவும் தேய்க்கவும் ஹதீஸில் சொல்லப்பட்டது என்பதால் பிறந்த பிள்ளைக்கும் அதைத் தேய்க்கிறார்கள். பச்சிளம் பிள்ளைக்குத் தேய்க்க வேண்டும் என்று அந்த ஹதீஸில் இல்லை. அதிலுள்ள ஒலியிக் அமிலம் குழந்தையின் மெல்லிய மேல்தோலைத் தளர்த்திவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தோல் நன்றாக இருந்தால் எதையும் பூசத் தேவையில்லை. வறண்டிருந்தால் குளித்த ஈரம் முழுவதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவலாம்.

ஏழாம் நாள் முடி இறக்கும்போதும் கவனம் தேவை. உடம்பின் சூடு தலை வழியாக அதிகம் வெளியேறும். மழித்ததும் சந்தனத்தை அப்பி ஈரத்தோடு வைத்திருக்காமல் துடைத்துக் குல்லா போடுங்கள். பிள்ளை மெலிந்திருந்தால் அகீகாவை 14ஆம் நாளுக்கோ 21ஆம் நாளுக்கோ தள்ளிக்கொள்ள அறிஞர்கள் இடம் தந்திருக்கிறார்கள்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளையை மருத்துவர் சொல்லும்வரை குளிப்பாட்ட வேண்டாம். தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துப் போர்த்தி வைப்பதே அதற்குச் சிறந்த சூடு. 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத நிலையில் தொடங்கிய இந்த முறை இன்று உலகெங்கும் உள்ளது. தந்தையும் இப்படி அணைத்துக்கொள்ளலாம்.

பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் போர்த்திவிட்டுப் பாருங்கள். வயிறும் சேர்ந்து சில்லிட்டிருந்தால், பால் குடிக்கச் சோர்ந்தால், அழுகை மெலிந்தால், அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 36.5 டிகிரிக்குக் கீழே காட்டினால், அப்படி மார்போடு அணைத்தபடியே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.