கோபுரத்தைப் பார்த்து நடங்க

மதுரையில் வழி கேட்டால் இன்றைக்கும் மீனாட்சி அம்மன் கோயில் கோபுரத்தில்தான் தொடங்குவார்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி. வாசலைத் தாண்டினால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மாதத்தின் பெயரும் திசையும் தெரிந்துவிட்டால் புதிதாக வந்தவரும் தொலைந்துபோக முடியாது. வெளி வீதிகள் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம். பிரிட்டிஷ் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை அகலமாக்கினார். அவர் நினைவாக வைத்த விளக்குத்தூண் கீழமாசி வீதி முனையில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கத்துக்கே அதுதான் அடையாளம்.

முன்பெல்லாம் வெளியூர் பஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இறங்கி டவுன்ஹால் ரோட்டில் நேரே நடந்தால் மேலக் கோபுரம் வந்துவிடும். பெட்டி கனமென்றால் குதிரை வண்டி, பிறகு சைக்கிள் ரிக்‌ஷா. ரிக்‌ஷாக்காரருக்கு எந்தச் சந்தில் எந்த விடுதி, எந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் மிதித்த வேகத்தில் ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

1999-இல் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்தது. அதனால் நகரின் நடுவே நெரிசல் குறைந்தது உண்மைதான். ஆனால் வைகைக்கு வடக்கே இறங்குகிற பயணிக்குக் கோயில் ஆறு கிலோமீட்டர் போலத் தள்ளிப்போய்விட்டது. அங்கிருந்து டவுன் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோவில் பின்சீட்டு நிறைந்த பிறகும் "தள்ளி உக்காருங்கண்ணே, இன்னும் ஒரு ஆள்" என்பார் டிரைவர். அவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். கோரிப்பாளையம் சிக்னலில் இந்த நிலையில் காத்திருப்பது கொடுமை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பூக்கூடையோடு வருகிற அம்மா, சில்லறையை எண்ணிப் பார்க்காமல் ஏறுகிறார். 2023-இல் திறந்த நத்தம் சாலை மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்தத் திசைக்கு இப்போது சட்டென்று போய்விடலாம்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய மாற்றமாகத் தெரிவது சித்திரை வீதிதான். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கல் பாவியிருக்கிறார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குழந்தைகள் அங்கே ஓடி விளையாடுகிறார்கள். வயதானவர்கள் மதிலோரம் காலை நீட்டி உட்கார்கிறார்கள். ஹாரன் சத்தம் பின்னால் வந்து விரட்டுவதில்லை.

அங்கிருந்து இரண்டு வீதி தள்ளி, தேரோடும் கீழமாசி வீதிக்கு வாருங்கள். சரக்கு லாரிக்கும், மூட்டை சுமப்பவருக்கும், நிறுத்தி வைத்த பைக்குகளுக்கும் நடுவே வழி தேட வேண்டியிருக்கிறது. நடைபாதை இருக்கிறது, அதன்மேல் கடைச் சாமான் இருக்கிறது. இவ்வளவுக்கும் ஒரு சுற்று வீதியிலிருந்து அடுத்ததற்குப் போக ஐந்து நிமிட நடை போதும்.

மதுரைக்கு வருகிறவர்கள் வெளி வீதியிலேயே இறங்கி நடந்து வாருங்கள். ஊரை ஆள்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சித்திரை வீதியில் செய்ததை ஆவணி மூல வீதிகளுக்கும் செய்யுங்கள், மாசி வீதி நடைபாதைகளை நடப்பவர்களுக்கே மீட்டுக் கொடுங்கள்.