இலக்குசார் மருந்தும் ‘திறன்’ என்னும் சொல்லும்: இமாட்டினிப் வழக்கை முன்வைத்து

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9, 22 ஆகிய குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்னும் இணைவு மரபணு உருவாகிறது. அது ஆக்கும் டைரோசின் கைனேஸ் நொதி ஓயாது இயங்கி வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. இமாட்டினிப் இந்நொதியில் ஏ.டி.பி. பிணையும் இடத்தில் அமர்ந்து அதனை முடக்குகிறது. 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து பெரும்பாலும் நோயை வேரறுப்பதில்லை; அடக்கி வைக்கிறது. ஆகவே ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். விலைச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கோட்டூர்புரத்தை அடுத்த அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் இயங்கிவரும் சென்னையே இவ்வழக்கின் தொடக்கக் களமாகவும் அமைந்தது. இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்திற்காக நோவார்ட்டிஸ் 1998இல் அளித்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 சனவரியில் மறுத்தது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் திறன் காட்டவேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவையே எதிர்த்த மனுவை 2007 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மருந்தைப் பொறுத்தவரை ‘திறன்’ என்பது நோய்தீர்க்கும் திறனே என 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. உடல் ஏற்கும் மருந்தளவு 30 விழுக்காடு கூடியதற்கான தரவு முன்வைக்கப்பட்டது. அதுவும் எலிகளில் பெற்றது. அதனால் நோய் கூடுதலாகத் தணியும் என்பதற்குச் சான்று இல்லை. மருத்துவ ஆய்வில் இத்துணைப் புகழ்பெற்ற மருந்துக்கு எலித்தரவே துணையானது முரண்தான். அக்காலத்தில் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். உள்நாட்டுத் தயாரிப்புக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய்.