"இன்னைக்கு முடியாதுங்க" என்று ஓட்டுநர் சொன்னால்

சேலம் காமலாபுரத்திலிருந்து விமானத்தைக் கிளப்ப வேண்டிய விமானிக்கும், குப்பனூரில் ஏற்காடு சவாரிக்குக் காத்திருக்கும் வேன் ஓட்டுநருக்கும் ஒரே காலையில் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். விமானி கம்பெனிக்கு போன் செய்து வர முடியாது என்கிறார். அவர் இடத்துக்கு ஆள் பிடிப்பது கம்பெனியின் பாடு. வேன் ஓட்டுநர் ஒரு டோலோவைப் போட்டு, டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார்.

இருவரிடமும் மருத்துவச் சான்று உண்டு. ஆனால் சான்று சொல்வது பரிசோதனை செய்த அன்றைய நிலவரம் மட்டும். விமானிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாடகை வண்டி ஓட்டுபவருக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, அதாவது 5 ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு படிவம். அதில் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்பது ஊரறிந்த கதை. நடுவில் வரும் நாட்களில் தன் உடம்புக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஓட்டுபவர்தான். உடல்தகுதி குறைந்திருப்பது தெரிந்தால் உரிமத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது விமானிகளுக்கான சர்வதேச விதி. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: பிறருக்கு ஆபத்தாகக்கூடிய நோய் தனக்கு இருப்பது தெரிந்தும் பொது இடத்தில் வண்டி ஓட்டினால், முதல் முறை 1,000 ரூபாய் வரை, மறுமுறை 2,000 ரூபாய் வரை அபராதம்.

விதி இருந்தும் ஏன் மறைக்கிறார்கள்? பிழைப்புப் பயம். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி அதை ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதவிட்டார். 150 பேர் இறந்தார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டை அவர் கம்பெனிக்குக் காட்டவே இல்லை. உரிமம் போனால் வாழ்க்கையும் வருமானமும் போய்விடும் என்ற அச்சத்தை விசாரணை அறிக்கையே குறிப்பிட்டது. இங்கும் விமானிகளின் நிலை அப்படியொன்றும் சுகமில்லை. 2023 ஆகஸ்டில் நாக்பூரில் ஒரு விமானி, விமானத்தில் ஏறும் வாயிலருகே மயங்கி விழுந்து இறந்தார். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கும் விதி 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, 2025-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாக, விதிகள் சிலவற்றுக்கு விலக்குத் தரப்பட்டது.

ஆனாலும் விமானத்தில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் சாய்ந்தால் மற்றவர் இறக்கிவிடுவார். அதற்குப் பயிற்சியும் உண்டு. குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறும் வேனில் ஒரே ஒருவர். அடிவாரம் பாதையில் மண்சரிவு ஏற்பட்டுவிட்டால் ஏற்காட்டுக்கான வண்டிகள் இந்தப் பக்கம்தான் திரும்ப வேண்டும். இறங்கும்போது கியரில் பிடித்து, வளைவுக்கு வளைவு எதிரே வருவதைக் கணித்து, ஏறும் வண்டிக்கு வழிவிட்டு வர வேண்டும். அரை நொடி தூக்கத்துக்கும் அங்கே இடமில்லை.

2024 ஜூலையில் வெள்ளகோவிலில் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் நெஞ்சுவலியோடு வண்டியை ஓரங்கட்டிக் குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு உயிர்விட்டார். 2025 மே மாதம் பழனி அருகே தனியார் பேருந்து ஓட்டுநர் சரிந்தபோது, நடத்துநர் கைப்பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினார். இரண்டும் சமதரையில் நடந்தவை. மலைப்பாதையில் ஓரங்கட்ட ஓரம் வேண்டுமே!

காய்ச்சலைவிட நான் பயப்படுவது சளி மாத்திரைக்குத்தான். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல சளி, அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தைத் தருபவை. முழுத் தூக்கம் வராவிட்டாலும் கை தாமதிக்கும். தாமதிப்பது தனக்கே தெரியாது. டைஃபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்தைச் சாப்பிட்ட விமானி 60 மணி நேரம் ஓட்டக் கூடாது என்கிறது அமெரிக்க விமானத் துறை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுவிட்டு, சவாரி அவசரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் இதே ரகம். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். நிறுத்திவிட்டு இனிப்பைச் சாப்பிடுங்கள். விமானிகள் கிளம்புமுன் தங்களையே ஆறு விஷயங்கள் பற்றிக் கேட்டுக்கொள்வார்கள்: நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, பசி. சாவியைத் தொடுமுன் இதைக் கேட்டுக்கொள்ளக் காசு செலவில்லை.

சம்பளம் போகுமே என்பது நியாயமான கேள்வி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஓட்டுநர் ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட வேண்டியவர். பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டப்பட்டிருந்தால், நோயில் படுக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று அவசியம். சொந்த வண்டிக்காரர்கள், கூலிக்கு ஓட்டுபவர்கள் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஒருநாள் காய்ச்சலுக்கு வாரியம் கூலி தராது. அந்த ஓட்டையை அரசு இன்னும் அடைக்கவில்லை.

விபத்து நடந்துவிட்டால், "ஓட்டுநருக்குத் திடீரென மயக்கம், யார் மேலும் தப்பில்லை" என்பார்கள். கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கோரலாம். ஓட்டுநர் உடல்நலமில்லாமலே வண்டியை எடுத்தார் என்று காட்ட முடிந்தால், அதற்குப் பதிலாக, கவனக்குறைவின் பேரில் 166-வது பிரிவில் கூடுதல் தொகை கேட்கலாம்; ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவது நல்லது. சிகிச்சைக்குக் கையில் பணமில்லை என்று தயங்க வேண்டாம்: பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டம் உதவும். அழைக்க வேண்டிய எண் 108.

வண்டியில் உட்காருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் தொடர்ந்து இருமினால், கொட்டாவி விட்டால், நெஞ்சைப் பிடித்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கிளம்புமுன்பே அவர் "இன்னைக்கு முடியாதுங்க" என்றால் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டுச் சண்டை பிடிக்காமல், வேறு ஓட்டுநர் வரும்வரை குப்பனூரிலேயே இருங்கள்.