இரும்பிற்குப் பொசுபேற்றுக் காப்பு

இரும்பு வலிமை மிக்கது, ஆயினும் நிலையற்றது. தாதுவில் ஒட்சிசனோடு கூடியிருந்த இரும்பை மனிதன் உலையிலிட்டுப் பிரித்தெடுக்கின்றான். அங்ஙனம் பிரிக்கப்பட்ட இரும்போ, காற்றும் ஈரமும் கிடைத்தவுடன் மீண்டும் ஒட்சிசனோடு கூடித் தன் பழைய நிலையை அடைய முற்படுகின்றது. இதனால் உண்டாவதே நூல்வழக்கில் துரு எனவும் யாழ்ப்பாண வழக்கில் கறள் எனவும் கூறப்படும். செம்பின்மேற் படியும் களிம்பு இறுகிப் படிந்து உள்ளிருக்கும் செம்பை ஓரளவு காக்கின்றது. கறளுக்கு அப்பண்பு இல்லை. அது தான் தோன்றிய இரும்பிலும் மிகுந்த இடத்தைக் கொள்வதாதலின் வெடித்து உதிர்கின்றது. உதிர்ந்த இடத்திற் புதிய இரும்பு வெளிப்பட, அதுவும் கறளாகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கேடு மிகுதி. கடலிலிருந்தோ நீரேரியிலிருந்தோ வெகு தொலைவில் அமைந்த ஊர் இங்கு இல்லை. சோளகமும் வாடையும் உப்புத் துளிகளைச் சுமந்து வருகின்றன. இரும்பின்மேற் படிந்த உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு, இரும்பின்மேல் இயல்பாய் அமைந்த காப்பினைத் துளைத்து உட்புகும். மண்வெட்டி, சத்தகம், கிணற்றுக் கப்பி, துவிச்சக்கரவண்டி ஆகிய யாவும் இதற்கு இரையாவன. 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல்லாண்டுகள் போரினாற் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டிருந்த வேளையில், துவிச்சக்கரவண்டியே மக்களின் பெருந்துணையாயிற்று. புதிய உறுப்புக் கிடைத்தற்கரிய காலத்திலேதான் பழைய உறுப்பைக் காத்தலின் அருமை விளங்கும்.

கறளினின்று இரும்பைக் காக்கும் வழிகளுள் ஒன்று பொசுபேற்றுக் காப்பு. இதன் இயல்பை விளக்குதற்குத் தில்லியிலுள்ள மெகரோலி இரும்புத் தூண் சிறந்த சான்றாகும். குப்தர் காலத்தைச் சேர்ந்த இத்தூண் ஏறத்தாழ 7 மீற்றர் உயரமும் 6 தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாகத் திறந்த வெளியில் நின்றும் அது பெரிதும் அழியாதிருப்பது அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வுகள் இதன் காரணத்தைத் தெளிவுறுத்தின. தூணின் இரும்பில் நூற்றுக்குக் கால் பங்களவு பொசுபரசு உண்டு. மழையில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் வந்த நீண்ட காலத்தில், இப்பொசுபரசு மேற்பரப்பிற் செறிந்து இரும்புப் பொசுபேற்றாகிப் பளிங்குப் படலமாய்ப் படிந்தது. அப்படலமே தூணின் கவசம்.

அங்ஙனமாயின் இக்காலத்து உருக்கு ஏன் அவ்வாறு தன்னைக் காத்துக்கொள்வதில்லை என்னும் வினா எழும். பண்டைக் கொல்லர் மரக்கரி கொண்டு இரும்பை உருக்கினர், சுண்ணாம்பைச் சேர்த்திலர். ஆதலாற் பொசுபரசு இரும்பிலேயே தங்கிற்று. பொசுபரசு மிகுந்த உருக்கு எளிதில் முறியும் இயல்பினது. எனவே, 1870களின் பிற்பகுதியில் சிட்னி கில்கிறைஸ்ட் தோமஸ் என்னும் ஆங்கிலேயர், உலையிற் சுண்ணாம்பைப் பயன்படுத்திப் பொசுபரசைக் கசடோடு நீக்கும் முறையை வகுத்தார். உருக்கு உறுதி பெற்றது. ஆனால் தூணைக் காத்த பொருளை இழந்தது. உள்ளே இல்லாத அப்பொருளை வெளியிலிருந்து அளிப்பதே பொசுபேற்றுக் காப்பின் நோக்கம் எனலாம்.

இம்முறைக்கு வழிவகுத்தவர் பேர்மிங்காமைச் சேர்ந்த தோமஸ் வாட்ஸ் கொஸ்லெற். அவர் 1906ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பின்னர் மங்கனீசுப் பொசுபேற்றும் பயன்படலாயிற்று. 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் தோன்றிய பாக்கர் நிறுவனம் இத்தொழிலைப் பரப்பியமையால், இது பாக்கர் முறை எனவும் பெயர் பெற்றது. இன்று பல மோட்டார் வாகனங்களின் உடல் வர்ணம் பெறுமுன் நாகப் பொசுபேற்றுக் காப்பினைப் பெறுகின்றது.

இதன் செயன்முறை நுட்பமானது. பொசுபோரிக்கமிலமும், அதிற் கரைந்த மங்கனீசு அல்லது நாகப் பொசுபேற்றும் உள்ள ஐதான கரைசலில் இரும்பு இடப்படுகின்றது. அமிலம் முதலில் இரும்பைச் சிறிது அரிக்க, ஐதரசன் குமிழிகள் எழுகின்றன. அரிக்குந்தோறும் இரும்பை அடுத்துள்ள கரைசலில் அமிலத்தன்மை குறைகின்றது. அமிலத்தன்மை குறைந்தவிடத்துப் பொசுபேற்றுக் கரைந்து நிற்கமாட்டாது. சிறுசிறு பளிங்குகளாய் இரும்பின்மேலேயே படிகின்றது. வர்ணம் இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பது. இக்காப்போ இரும்பின் மேற்பரப்பிலேயே வேரூன்றி வளர்வது. இரும்பு சிறிது அரிபட்டே பேரழிவினின்று தப்புகின்றது.

ஆணி, திருகாணி, கொளுக்கி, கருவிகளின் உறுப்புக்கள் முதலிய சிறு பொருள்களுக்கு இதனை இல்லத்திலும் செய்யலாம். முதலாவது வேண்டுவது தூய்மை. எண்ணெய்ப் பசையை மண்ணெண்ணெயாலும், பின்னர்ச் சலவைச் சோடா கலந்த வெந்நீராலும் நீக்குதல் வேண்டும். கறளை அரத்தாளாலும் கம்பித் தூரிகையாலும் தேய்த்து அகற்றுதல் வேண்டும். துப்புரவு செய்த பகுதியை வெறுங் கையாற் றொடின், விரற்சுவட்டிலுள்ள பசை அவ்விடத்திற் காப்பினைப் படியவிடாது.

அடுத்து நோக்கத்தக்கது நீர். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்திலின் அடியிற் படியும் வெண்பொருளே இதற்குச் சான்று. அந்நீரிலுள்ள கல்சியச் சேர்வை அமிலத்தின் ஒரு பகுதியை வீணாக்கிக் கரைசலைக் கலங்கச் செய்யும். ஆதலாற் காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. அது கிடையாவிடின் மாரிமழை நீர் ஏற்றது. முதலிற் பெய்யும் மழை ஓட்டிற் படிந்த உப்பையும் தூசியையும் கழுவிச் சென்றபின் அதனைப் பிடித்தல் வேண்டும்.

கடைகளில் விற்கப்படும் செறிந்த கரைசலை அதன் உற்பத்தியாளர் குறித்த அளவில் நீரோடு சேர்த்தல் தக்கது. அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாக விடவேண்டும். நீரை அமிலத்தில் விடலாகாது. துருவேறா உருக்குப் பாத்திரமே இதற்கு உரியது. அலுமினியப் பாத்திரமும் நாகம் பூசிய வாளியும் அமிலத்தில் அரிபடும். கரைசலைச் சதமவளவையில் 85 முதல் 95 பாகை வரை சூடாக்கி, பொருளைக் கம்பியிற் கட்டித் தொங்கவிட வேண்டும். குமிழிகள் பெரிதும் அடங்கும் வரை, பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை, அது கரைசலில் இருத்தல் வேண்டும். எழும் ஐதரசன் தீப்பற்றும் வாயு. ஆதலின் இவ்வேலையைக் காற்றோட்டமுள்ள வெளியிடத்திற் செய்தல் இன்றியமையாதது. கண்ணாடியும் இறப்பர்க் கையுறையும் அணிதல் வேண்டும். பயன்படுத்திய பாத்திரத்தை மீண்டும் அடுக்களைக்குக் கொண்டுசெல்லலாகாது. எஞ்சிய கரைசலைக் கிணற்றருகே ஊற்றுதலும் ஆகாது.

எல்லா உறுப்பும் இதற்கு ஏற்றதன்று. விற்சுருளும் மிக வன்மையூட்டிய உருக்கும் ஐதரசனை உறிஞ்சி முறியக்கூடும். நாகம் பூசிய பொருள்களும் உணவோடு தொடர்புடைய கத்தி முதலியனவும் விலக்கத்தக்கன. கரைசலில் இடமுடியாத பெரிய பொருள்களுக்குப் பொசுபோரிக்கமிலம் சேர்ந்த கறள் மாற்றியைத் தூரிகையாற் பூசி, உலர்ந்தபின் வர்ணம் தீட்டலாம்.

கரைசலிலிருந்து எடுத்த உறுப்பு கருஞ்சாம்பல் நிறமாய்த் தோன்றும். அதனைக் கண்டு வேலை முடிந்ததென எண்ணுதல் பெருந்தவறு. பளிங்குகளுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உள. அவற்றினூடே உப்பும் ஈரமும் புகும். ஆதலால் உறுப்பை நன்கு கழுவி, உலர்த்தி, சூடு ஆறுமுன்னரே எண்ணெயில் இடுதல் வேண்டும். அவ்விடைவெளிகளே அப்பொழுது எண்ணெயைத் தம்முட் பிடித்துவைக்கும் களஞ்சியமாகின்றன. தாவர எண்ணெய்கள் நாட்பட்டு அமிலத்தன்மை அடைவன. ஆதலாற் கனிய எண்ணெயே நன்று.

தில்லித் தூணின் கவசம் உப்புக் காற்று வீசாத உள்நாட்டில் உருவாயிற்று. கடல் சூழ்ந்த குடாநாட்டிற் பொசுபேற்று மாத்திரம் அக்காவலை அளிக்கமாட்டாது. உப்பைக் காலந்தோறும் நன்னீராற் கழுவுதலும், துடைத்து உலர்த்துதலும், மீண்டும் எண்ணெயிடுதலும் அதனோடு சேரும்போதே இரும்பு நெடுநாள் நிற்கும். இரசாயனவியல் அளிப்பது காப்பின் தொடக்கமே. அதனை நிலைபெறச் செய்வது பயன்படுத்துவோரின் இடையறாப் பேணுதலாகும்.