மோடத்தில் சிவப்பு விளக்கா? அந்தச் சின்ன கனெக்டரைக் கவனிங்க!

சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்வது: "காசு கட்டியாச்சு, ஆனா நெட் வரல". ரீசார்ஜ் முடிந்த பிறகும் மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால், வீட்டுக்குப் போதுமான ஒளி வரவில்லை என்று அர்த்தம். கேபிள் அறுந்திருக்கலாம். இல்லையென்றால், அதன் நுனியில் உள்ள கனெக்டரே காரணமாக இருக்கலாம்.

பச்சையா, நீலமா?

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் பச்சை நிற 'எஸ்சி ஏபிசி' கனெக்டர்தான். இதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். ஒளி திரும்பி எதிரொலிப்பதை இது குறைக்கும். நீலத்தில் முனை சாய்வாக இருக்காது. பச்சையையும் நீலத்தையும் சேர்த்துச் செருகினால் முனைகள் சரியாகப் பொருந்தாது. சிக்னல் குறையும், முனையும் கீறலாம். மோடத்தின் துளை என்ன நிறமோ, அதே நிறம்தான் வேண்டும்.

எது நீடிக்கும்?

கையால் பொருத்தும் 'ஃபாஸ்ட் கனெக்டர்' விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கண்ணாடி இழையை நேராக வெட்டாவிட்டால் ஒளி வீணாகும். ஆலையில் தேய்த்த 'பிக்டெய்ல்' கேபிளை ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் உருக்கி ஒட்டுவதே நம்பகமானது. வேலை முடிந்ததும் பவர் மீட்டரில் அளவைக் காட்டச் சொல்லுங்க. பரவலாக உள்ள ஜிபான் மோடங்களுக்கு மைனஸ் 27 டிபிஎம்தான் கடைசி எல்லை. மைனஸ் 20 வந்தால் நல்லது. 3 டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும்.

கடலோரத்தில் கூடுதல் கவனம்

இழை கண்ணாடி என்பதால் துருப்பிடிக்காது. ஆனால் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் ஆணி, கிளாம்பை அரிக்கும். பெட்டி திறந்துகொண்டால் ஈரமும் தூசியும் உள்ளே போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரி மழைக்குத் தாங்க பெட்டி நன்கு மூடியிருக்க வேண்டும்.

இதைச் செய்யாதீங்க

கனெக்டரை வாயால் ஊதாதீங்க, எச்சில் படியும். கேபிளை ஆணியில் மடக்கித் தொங்கவிடாதீங்க. கழற்றினால் உடனே மூடி போடுங்க. முக்கியமாக, நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது; தெரியாததால்தான் ஆபத்து.