கறுப்புத் தோலும் கணக்கில் வரட்டும்!



விரலை நீட்டு என்கிறார்கள், நீட்டுகிறோம். நகத்தின் மீது சின்னஞ்சிறு கவ்வி ஒன்று உட்காருகிறது. ஊசி இல்லை, உதிரம் இல்லை, வலி இல்லை! இமைக்கும் நேரத்தில் இரண்டு எண்கள் எழுகின்றன. ஒன்று, நாடி துடிக்கும் வேகம். மற்றொன்று, இரத்தத்திலே கலந்திருக்கும் ஆக்சிஜன் எனும் உயிர்க்காற்றின் அளவு.

2021ஆம் ஆண்டுக் கோடையிலே, கொரோனாவின் இரண்டாவது அலை எழுந்து ஆடியபோது, எத்தனை குடும்பங்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இரவைப் பகலாக்கின! 94க்குக் கீழே இறங்கினால் ஓடு மருத்துவமனைக்கு என்றார்கள். 96 என்றால் நிம்மதி. 92 என்றால் நடுக்கம். உயிர் ஒரு எண்ணிலே ஊசலாடியது!

அந்த ஆக்சிமீட்டர் கருவிக்கு வித்திட்டவர் ஜப்பான் நாட்டுப் பொறியாளர் டகுவோ அயோயாகி, ஆண்டு 1974. இன்று அதே ஒளி வித்தை கைக்கடிகாரத்திலும் ஏறிவிட்டது. நம் கிண்டியிலே, சென்னை ஐ.ஐ.டி.யும் ஹீலிக்ஸான் நிறுவனமும் சேர்ந்து, உடல் வெப்பம், நாடி, மூச்சு, ஆக்சிஜன் ஆகிய நான்கையும் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் கருவியை 2020இல் தந்தன. அறிவியலை ஐயுறுபவர்களல்ல நாம், அணைத்துக் கொள்பவர்கள். அணைத்துக் கொள்பவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு!

எப்படி அளக்கிறது இந்தக் கருவி? சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று, இரண்டையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்காமல் விட்டுவிடும். ஆக்சிஜன் இழந்த இரத்தம் விழுங்கிவிடும். மறுபுறம் எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்று பார்த்துக் கருவி கணக்குப் போடுகிறது.

சரி, அந்த ஒளி எதன் வழியாகப் போகிறது? தோலின் வழியாக! தோலுக்கு நிறம் உண்டல்லவா? கருந்தோலில் மிகுந்திருக்கும் மெலனின் எனும் நிறமியும் ஒளியை விழுங்குமல்லவா? அந்த நிறமியைக் கணக்கிலே சேர்த்தார்களா?

2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றிலே வெளிவந்த ஆய்வு விடை சொல்லிற்று. கருவி 92 முதல் 96 வரை காட்டுகிறது. நோயாளிக்கு ஆபத்தில்லை என்று பொருள். அதே வேளையில் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்மை அளவு 88க்கும் கீழே! இந்தப் பொய்த் தேறுதல், வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6 முறை, கறுப்பின மக்களிடம் 11.7 முறை. ஏறக்குறைய மூன்று மடங்கு! மூச்சு முட்டுகிறவனைப் பார்த்து, "உனக்கொன்றும் இல்லை, வீட்டுக்குப் போ" என்று கருவி சொல்லியிருக்கிறது!

யார் செய்த சூழ்ச்சி இது? சூழ்ச்சியல்ல, தோழர்களே, அலட்சியம்! புதுக் கருவியைச் சோதிக்க, நல்ல உடல்நலம் உள்ளவர்களை அழைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, கருவி காட்டும் எண்ணையும் இரத்தப் பரிசோதனையையும் ஒத்திட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பத்துப் பேர் போதும். அவர்களில் கருநிறத்தார் குறைந்தது இருவர், அல்லது நூற்றுக்கு 15 பேர் இருந்தால் போதும் என்பது 2013இல் அமெரிக்க அரசின் நெறிமுறை. பத்துக்கு இருவர்! உலகத்துக் கருந்தோல் அனைத்துக்கும் அந்த இருவரே பிரதிநிதிகள்!

"நிறத்தைக் கடந்து அளக்க முடியாது, இயற்கை அப்படி" என்பார் உண்டு. முடியும்! 1970களிலேயே ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம், எட்டு வகை ஒளியைப் பயன்படுத்தும் காதுக் கருவியைச் செய்து, கறுப்பின மக்களிடமும் அதைச் சோதித்துப் பார்த்தது. முடியாததல்ல, வேண்டுமென்று எண்ணாததே குறை. பிரிட்டனில் 2024இல் வந்த விசாரணை அறிக்கையும் குறையை ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் புதிய வரைவு நெறிமுறை, 150 பேரிடமாவது சோதிக்க வேண்டும், எல்லா நிறத்தாரும் அதிலே இருக்க வேண்டும் என்றது. கேள்வி கேட்டார்கள், எண்ணிக்கை உயர்ந்தது!

இங்கே? கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகும் பாட்டாளியின் விரலைப் பாருங்கள். வெயில் கறுக்க வைத்த தோல்; இரும்பு காய்க்க வைத்த தோல்; எண்ணெய் ஊறிய நகம். தோலின் நிறம் மட்டுமல்ல, தடிப்பும் கூட அளவைக் கெடுக்கும் என்று 2021இல் அமெரிக்க அரசே எச்சரித்தது. அப்படியானால் நம் தொழிலாளியின் விரல் அல்லவா முதலில் சோதிக்கப்பட வேண்டிய விரல்!

விலையிலே நியாயம் கேட்டோம். 2021 ஜூலையில் இந்தக் கருவிக்கு வணிகர் வைக்கும் லாபத்துக்கு 70 விழுக்காடு என்று மத்திய அரசு வரம்பு கட்டியது. அளவிலேயும் நியாயம் கேட்போம்! "எத்தனை பேரின் தோலில் சோதித்தாய்? அவர்களில் எங்கள் நிறத்தார் எத்தனை பேர்?" இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதாத கருவியை அரசு மருத்துவமனை வாங்கக் கூடாது. தொழிற்சாலை முதலாளியும் வாங்கக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, மருத்துவத்தை வீடு தேடி அனுப்பிய நாடு இது. வீடு தேடி வருகிற கருவி, வீட்டில் இருப்பவனின் நிறத்தை அறிந்து வரட்டும்!

அதுவரை செய்ய வேண்டியது என்ன? விரலைக் கழுவித் துடைத்து, குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் அமர்ந்து அளந்து பாருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலாக இருக்கட்டும். ஒரு நாள் எண்ணை நம்பாமல், நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், உதடு நீலம் பூத்தால், கருவி 97 என்று சத்தியம் செய்தாலும் மருத்துவரிடம் ஓடுங்கள்!

கிண்டியிலே கருவி செய்யும் அறிவு இருக்கிறது. கள்ளிக்குப்பத்திலே நீட்டுவதற்குக் கை இருக்கிறது. இடையிலே இருப்பது ஒரு பஸ் பயணத் தொலைவுதான். அந்தத் தொலைவை அறிவு கடந்து வரட்டும். அழைத்தால் நம் தோழர்கள் கை நீட்டத் தயங்க மாட்டார்கள்!